போதுமா, போதாதா? – சராசரி, சமஇடைவெளி எண்கள், டேட்டா சஃபிஷியன்சி



பிளேஸ்மென்ட் ஆப்டிட்யூட், வங்கித் தேர்வு, எம்பிஏ நுழைவுத் தேர்வு, ஜிமேட்... இதில் எதற்குத் தயாரானாலும் ஒரு நாள் இந்த வகைக் கேள்வி உங்கள் முன்னால் வந்து நிற்கும். மேலே ஒரு கேள்வி, கீழே இரண்டு கூற்றுகள். "விடை என்ன?" என்று கேட்க மாட்டார்கள். "விடை சொல்ல இந்தத் தகவல் போதுமா?" என்றுதான் கேட்பார்கள். இதற்குப் பெயர் டேட்டா சஃபிஷியன்சி. தமிழில் 'தரவுப் போதுமை' என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்ஜினியரிங் படிக்கிற நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கு. ஃபூரியர் சீரிஸ் வரைக்கும் போட்டுப் பழகிய கை, கணக்கைப் பார்த்ததும் தானாகவே போட ஆரம்பித்துவிடும். கடைசி ஸ்டெப் வரை போய் விடைக்குக் கீழே இரண்டு கோடு போட்டால்தான் மனசுக்குத் திருப்தி. ஆனால் இங்கே அந்தப் பழக்கம்தான் நேரத்தைச் சாப்பிடுகிறது. ஜிமேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 கடைசியில் வந்த புதிய வடிவத்தில் இந்த வகைக் கேள்விகள் 'டேட்டா இன்சைட்ஸ்' பகுதிக்குப் போய்விட்டன. அந்தப் பகுதியில் 20 கேள்விகள், 45 நிமிடம். சராசரியாக ஒரு கேள்விக்கு 2 நிமிடம் 15 விநாடி. திரையிலேயே கால்குலேட்டரும் தருகிறார்கள். ஆனால் 'போதுமா?' என்ற கேள்விக்குக் கால்குலேட்டரால் பதில் சொல்ல முடியாது.

இன்னொரு விஷயம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த நண்பர்கள் சிலர், ஆப்டிட்யூட் என்றாலே அது இங்கிலீஷ் மீடியம் சமாச்சாரம் என்று ஒதுங்கிக்கொள்வதுண்டு. ஒதுங்கவே வேண்டாம். பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் படித்த கூட்டுத் தொடர்வரிசை ஞாபகம் இருக்கா? முதல் உறுப்பு, பொது வித்தியாசம், உறுப்புகளின் எண்ணிக்கை? இன்றைய பாடத்துக்கு அது போதும். புதிய சூத்திரம் எதுவும் இல்லை. கேள்வியைப் பார்க்கும் கோணம் மட்டும்தான் புதுசு.

விளையாட்டின் விதி

ஜிமேட்டில் ஐந்து தேர்வுகளும் எப்போதும் இந்த வரிசையில்தான் இருக்கும்:

ஏ – கூற்று 1 மட்டும் போதும். கூற்று 2 மட்டும் போதாது.
பி – கூற்று 2 மட்டும் போதும். கூற்று 1 மட்டும் போதாது.
சி – இரண்டும் சேர்ந்தால் போதும்; தனித்தனியாகப் போதாது.
டி – தனித்தனியாக எதை எடுத்தாலும் போதும்.
இ – இரண்டும் சேர்ந்தாலும் போதாது.

மற்ற தேர்வுகளில் இந்த வரிசை மாறலாம். அதனால் தேர்வு அறையில் முதல் வேலையாக அந்தத் தாளில் உள்ள வரிசையைப் படித்துவிடுங்கள். கணக்கு சரியாக யோசித்தும் தேர்வை மாற்றிக் குறித்துவிட்டு வந்தால் வயிற்றெரிச்சல்தான்.

'போதும்' என்றால் என்ன? அந்தத் தகவலை வைத்துக்கொண்டால் ஒரே ஒரு விடைதான் வர வேண்டும். இரண்டு விடைகள் சாத்தியம் என்றால் போதாது. எனவே போதாது என்று காட்ட இரண்டு உதாரணங்கள் கிடைத்தால் வேலை முடிந்தது. போதும் என்று சொல்லத்தான் காரணம் வேண்டும். பத்து உதாரணம் ஒத்துப்போனாலும் பதினோராவது காலை வாரலாம்.

'ஆமா, இல்லையா' வகைக் கேள்வியில் ஒரு சின்னக் குழப்பம் வரும். உறுதியான 'இல்லை' கிடைத்தாலும் அது போதும்தான். 'சில சமயம் ஆம், சில சமயம் இல்லை' என்று வந்தால்தான் போதாது.

நான்கு உண்மைகள்

3, 7, 11, 15, 19 என்று ஒரே இடைவெளியில் நடக்கும் எண்களைச் சமஇடைவெளி எண்கள் என்போம். அடுத்தடுத்த முழு எண்கள், அடுத்தடுத்த இரட்டைப்படை எண்கள், 5-இன் அடுத்தடுத்த மடங்குகள் எல்லாம் இந்தக் குடும்பம்தான். இவற்றைப் பற்றி நான்கு விஷயம் மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

1. சராசரியும் இடைநிலையும் ஒன்றே. இரண்டும் (முதல் எண் + கடைசி எண்) ÷ 2.
2. மொத்தம் = சராசரி × எண்ணிக்கை.
3. கடைசி எண் − முதல் எண் = (எண்ணிக்கை − 1) × இடைவெளி.
4. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் சராசரி அந்த வரிசையிலேயே நடுவில் உட்கார்ந்திருக்கும். இரட்டைப்படை என்றால் நடுவில் உள்ள இரண்டு எண்களுக்குச் சரிபாதியில் இருக்கும்.

முதல் இரண்டும் நமக்குப் புதிதல்ல. ஆர்யபட்டர் கி.பி. 499-இல் இயற்றிய ஆர்யபட்டீயத்தில், கணிதபாதத்தின் 19-வது சுலோகம் இதைத்தான் சொல்கிறது: நடு மதிப்பைக் கண்டுபிடி, அதை எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தம், அல்லது முதலையும் கடைசியையும் கூட்டி எண்ணிக்கையில் பாதியால் பெருக்கு. ஆயிரத்து ஐந்நூறு வருடப் பழைய ஷார்ட்கட்!

இனி முக்கியமான பார்வை. ஒரு சமஇடைவெளி வரிசையை முழுசாகத் தெரிந்துகொள்ள மூன்று தகவல் வேண்டும்: எங்கே ஆரம்பிக்கிறது, எவ்வளவு இடைவெளி, எத்தனை எண்கள். இதை மூன்று பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். கூற்றுகளைப் பார்ப்பதற்கு முன்னாலேயே இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். கேள்வியே எத்தனை பூட்டைத் திறந்து வைத்திருக்கிறது? கேட்ட விஷயத்துக்கு எத்தனை பூட்டு திறக்க வேண்டும்? எல்லாக் கேள்விக்கும் மூன்றும் தேவைப்படாது. இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் கணக்கு பேனாவைத் தொடாமலே முடியும்.

கணக்கு 1: கேள்வியிலேயே இருக்கும் தகவல்

ஐந்து அடுத்தடுத்த இரட்டைப்படை எண்களில் மிகப் பெரியது எது?
கூற்று 1: அவற்றின் சராசரி 24.
கூற்று 2: மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் கூட்டினால் 48.

'ஐந்து' என்பதில் எண்ணிக்கை கிடைத்துவிட்டது. 'அடுத்தடுத்த இரட்டைப்படை' என்பதில் இடைவெளி 2 என்று கிடைத்துவிட்டது. மிச்சம் ஒரே பூட்டு: எங்கே இருக்கிறது இந்த வரிசை? கூற்று 1 நடு எண்ணைத் தருகிறது, போதும். கூற்று 2-ஐப் பாதியாக்கினால் அதே 24, அதுவும் போதும். விடை டி. 20, 22, 24, 26, 28 என்று எழுதிப் பார்க்கவே தேவையில்லை.

இங்கே ஒரு போனஸ் கவனியுங்க. இரண்டு கூற்றும் ஒரே விஷயத்தை வேறு வேறு வார்த்தையில் சொல்கின்றன. அப்படி இருந்தால் விடை டி அல்லது இ மட்டும்தான். சேர்த்துப் பார்த்தாலும் புதிதாக எதுவும் வராதே!

கணக்கு 2: கேட்டது எவ்வளவு?

சமஇடைவெளியில் உள்ள 9 எண்களின் சராசரி என்ன?
கூற்று 1: மூன்றாவது எண்ணும் ஏழாவது எண்ணும் சேர்ந்து 74.
கூற்று 2: இடைவெளி 4.

கேட்டது சராசரி மட்டும். 9 எண்கள் என்றால் சராசரி ஐந்தாவது எண். மூன்றாவதும் ஏழாவதும் அதிலிருந்து ஆளுக்கு இரண்டு படி தள்ளி, எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்கின்றன. எனவே அவற்றின் பாதிக் கூடுதல்தான் நடு எண், 37. இடைவெளி எவ்வளவாக இருந்தால் நமக்கென்ன? கூற்று 1 போதும். கூற்று 2 இடைவெளியைச் சொல்கிறது, ஆனால் வரிசை எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை. 1, 5, 9 என்றும் போகலாம், 101, 105, 109 என்றும் போகலாம். விடை ஏ.

இதில் பலர் சி குறிப்பார்கள். "இடைவெளி தெரியாம எப்படி?" என்ற பயம்தான் காரணம். சி என்பது பயத்துக்கு வைத்த பொறி. இரண்டு கூற்றையும் சேர்த்துக்கொண்டால் பாதுகாப்பாக இருப்பது போலத் தோன்றும். ஒன்றே போதும் என்றால் சி தவறான விடை.

கணக்கு 3: எண்ணே இல்லாத விடை

சில அடுத்தடுத்த முழு எண்கள் உள்ளன. அவற்றின் எண்ணிக்கை ஒற்றைப்படையா?
கூற்று 1: அவற்றின் சராசரி ஒரு முழு எண்.
கூற்று 2: அவற்றின் மொத்தம் ஓர் ஒற்றைப்படை எண்.

நான்காவது உண்மையை எடுங்க. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் சராசரி நடு எண்ணே, அது முழு எண். இரட்டைப்படை என்றால் சராசரி இரண்டு அடுத்தடுத்த எண்களுக்குப் பாதியில், அதாவது '.5' என்று முடியும். ஆக, சராசரி முழு எண் என்று சொன்னாலே எண்ணிக்கை ஒற்றைப்படைதான். கூற்று 1 போதும்.

கூற்று 2-க்கு இரண்டு உதாரணம் போதும். 1 + 2 = 3, எண்ணிக்கை 2. 2 + 3 + 4 = 9, எண்ணிக்கை 3. இரண்டிலும் மொத்தம் ஒற்றைப்படை. எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. போதாது. விடை ஏ.

கூற்று 1 "சராசரி முழு எண் அல்ல" என்று இருந்திருந்தால்? அப்போதும் போதும். 'எண்ணிக்கை ஒற்றைப்படையா?' என்பதற்கு உறுதியான 'இல்லை' கிடைக்கிறது.

கணக்கு 4: தலைகீழாகப் போகாதீங்க

ஐந்து வெவ்வேறு எண்கள் சமஇடைவெளியில் உள்ளனவா?
கூற்று 1: சராசரியும் இடைநிலையும் சமம்.
கூற்று 2: மிகச் சிறியதும் மிகப் பெரியதும் சேர்ந்து இடைநிலையைப் போல் இரண்டு மடங்கு.

ஹாஸ்டல் அறையில் இந்தக் கணக்கை வைத்தால் பேச்சு இப்படித்தான் போகும்:

"சமஇடைவெளின்னா சராசரியும் இடைநிலையும் சமம்னு இப்பதானே படிச்சோம். அப்ப கூற்று 1 போதும்டா."

"அதைத் திருப்பிப் போட முடியுமா மச்சி? மழை பெய்தா ரோடு நனையும். ரோடு நனைஞ்சிருந்தா மழைதான் பெய்ததுன்னு சொல்லிட முடியுமா? தண்ணி லாரி போயிருக்கலாம்ல?"

இரண்டாவது நண்பர் சொல்வதுதான் சரி. 1, 3, 5, 7, 9 எடுங்கள்: சராசரி 5, இடைநிலை 5, சமஇடைவெளி. 1, 2, 5, 8, 9 எடுங்கள்: மொத்தம் 25, சராசரி 5, இடைநிலை 5, ஆனால் சமஇடைவெளி இல்லை. கூற்று 1 போதாது. இரண்டிலும் முதலும் கடைசியும் கூட்டினால் 10, அதாவது 5-இன் இரு மடங்கு. கூற்று 2-உம் போதாது. அதே இரண்டு உதாரணங்கள் இரண்டு கூற்றையும் ஒருசேர நிறைவேற்றுகின்றன, அதனால் சேர்ந்தாலும் போதாது. விடை இ.

இதை நன்றாக மனசில் பதிய வையுங்க. சமஇடைவெளி என்றால் சராசரி = இடைநிலை. ஆனால் சராசரி = இடைநிலை என்பதற்காகச் சமஇடைவெளி ஆகிவிடாது. நடு எண்ணைச் சுற்றி இரு பக்கமும் சமச்சீராக இருந்தாலே சராசரியும் இடைநிலையும் ஒன்றாகிவிடும்.

கணக்கு 5: ஒரு வார்த்தையின் எடை

அடுத்தடுத்த சில மிகை முழு எண்களின் மொத்தம் 15. குறைந்தது இரண்டு எண்கள் உண்டு. எத்தனை எண்கள்?
கூற்று 1: எண்ணிக்கை இரட்டைப்படை.
கூற்று 2: மிகச் சிறிய எண் 3-ஐ விடப் பெரியது.

15-ஐ எழுதும் வழிகள்: 7 + 8; 4 + 5 + 6; 1 + 2 + 3 + 4 + 5. இவ்வளவுதான். கூற்று 1 என்றால் 7 + 8 மட்டும் மிஞ்சுகிறது, எண்ணிக்கை 2. போதும். கூற்று 2 என்றால் 7 + 8, 4 + 5 + 6 இரண்டும் மிஞ்சுகின்றன. போதாது. விடை ஏ.

இப்போது கேள்வியில் 'மிகை முழு எண்கள்' என்பதை 'குறையற்ற முழு எண்கள்' என்று மாற்றுங்கள். அதாவது சுழியும் வரலாம். உடனே 0 + 1 + 2 + 3 + 4 + 5 = 15 என்று நான்காவது வழி வந்து நிற்கிறது. அதில் எண்ணிக்கை 6, இரட்டைப்படை. கூற்று 1 இனிமேல் போதாது! இரண்டும் சேர்ந்தால்தான் 7 + 8 என்று ஒன்றே மிஞ்சும். விடை சி ஆகிவிட்டது. ஒரே வார்த்தை, விடையே மாறிவிட்டது.

இதனால்தான் கேள்வியில் 'பாசிட்டிவ்', 'நான்-நெகட்டிவ்', 'இன்டிஜர்', 'டிஸ்டிங்ட்' என்ற வார்த்தைகள் வந்தால் பேனாவால் வட்டம் போடுங்கள். 'இன்டிஜர்' என்றால் குறை எண்களும் சுழியும் சேர்ந்த முழு எண்கள். 'டிஸ்டிங்ட்' என்றால் எல்லாம் வெவ்வேறு எண்கள். 'கன்செக்யூட்டிவ்' என்றால் அடுத்தடுத்த. 'ஈவன்லி ஸ்பேஸ்டு' என்றால் சமஇடைவெளி. அதில் உள்ள 'ஈவன்' இரட்டைப்படையைக் குறிக்கவில்லை. அவசரத்தில் படித்தால் 3, 6, 9 என்ற வரிசையையே மறந்துவிடுவோம்.

கணக்கு 6: இரண்டு குழுக்களின் சராசரி

ஒரு தேர்வில் சிவில் மாணவர்களின் சராசரி 62, மெக்கானிக்கல் மாணவர்களின் சராசரி 70. இரு பிரிவும் சேர்ந்த சராசரி 66-ஐ விட அதிகமா?
கூற்று 1: மெக்கானிக்கல் மாணவர்கள் சிவில் மாணவர்களை விட அதிகம்.
கூற்று 2: மொத்தம் 120 மாணவர்கள்.

66 என்பது 62-க்கும் 70-க்கும் சரிநடுவில் இருக்கிறது. இரு பிரிவிலும் சமமான ஆட்கள் இருந்தால் சராசரி அங்கேதான் நிற்கும். எந்தப் பக்கம் கூட்டம் அதிகமோ அந்தப் பக்கம் தராசு சாயும். மெக்கானிக்கல் பக்கம் கூட்டம் அதிகம் என்றால் சராசரி கண்டிப்பாக 66-ஐத் தாண்டும். எத்தனை பேர் என்று தெரியவே வேண்டாம். கூற்று 2 கூட்டத்தைச் சொல்கிறது, யார் அதிகம் என்று சொல்லவில்லை. விடை ஏ.

சரி, சேர்ந்த சராசரி எவ்வளவு என்றே கேட்டிருந்தால்? அப்போது விகிதம் வேண்டும். சிவிலும் மெக்கானிக்கலும் 3 : 5 என்றால் 62 + 8 × (5/8) = 67. அப்போதும் விகிதம் போதும். தலை எண்ணிக்கை வேண்டியதில்லை.

கணக்கு 7: இரண்டு தெரியாதவை, ஒரே கூற்று

கடைசியாக, இன்றைய பாடத்தின் கதாநாயகன்.

கரும்பலகையில் 1 முதல் 'க' வரை எல்லா முழு எண்களும் எழுதப்பட்டுள்ளன. அதில் ஒன்றை அழித்துவிட்டார்கள். அழித்த எண் எது?
கூற்று 1: மீதமுள்ள எண்களின் சராசரி 13.25.
கூற்று 2: 'க' ஓர் ஒற்றைப்படை எண்.

பார்த்ததும் என்ன தோன்றும்? "தெரியாதது ரெண்டு, 'க' ஒண்ணு, அழிச்சது ஒண்ணு. ஒரு சமன்பாடு எப்படிப் போதும்? கூற்று 2-ஐயும் சேர்த்தால்தான் கொஞ்சமாவது நகரும்." சி குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். கொஞ்சம் நில்லுங்கள்.

'க' தெரியாவிட்டாலும் அது எந்த எல்லைக்குள் இருக்கும் என்று பார்க்கலாம். மிகப் பெரிய எண்ணை அழித்திருந்தால் மீதி 1 முதல் க − 1 வரை. அது சமஇடைவெளி வரிசை. சராசரி க ÷ 2. மிகச் சிறிய எண்ணான 1-ஐ அழித்திருந்தால் மீதி 2 முதல் க வரை; சராசரி (க + 2) ÷ 2. வேறு எதை அழித்தாலும் சராசரி இந்த இரண்டுக்கும் இடையில்தான் விழும். ஆக 13.25 என்பது க ÷ 2-க்கும் அதைவிட 1 அதிகமான எண்ணுக்கும் நடுவில். அதாவது 'க' 24.5-க்கும் 26.5-க்கும் இடையில். முழு எண் என்பதால் 25 அல்லது 26 மட்டுமே.

இப்போது இரண்டாவது பிடி. மீதமுள்ள எண்களின் மொத்தம் = 13.25 × (க − 1). முழு எண்களைக் கூட்டினால் முழு எண்தான் வரும். க = 26 என்றால் 13.25 × 25 = 331.25, முடியாது. க = 25 என்றால் 13.25 × 24 = 318; சரி. 1 முதல் 25 வரை மொத்தம் 13 × 25 = 325. அழித்த எண் 325 − 318 = 7. ஒரே விடை. கூற்று 1 மட்டும் போதும்! கூற்று 2 தனியாக ஒன்றுக்கும் உதவாது. விடை ஏ.

'இரண்டு தெரியாதவைக்கு இரண்டு சமன்பாடு வேண்டும்' என்பது பள்ளியில் படித்த நல்ல விதிதான். ஆனால் அது எந்த எண் வேண்டுமானாலும் வரலாம் என்ற இடத்துக்கானது. முழு எண், மிகை எண், ஓர் எல்லைக்குள் இருக்கும் எண் என்று கட்டுப்பாடு வந்தால், அந்தக் கட்டுப்பாடும் ஒரு தகவல்தான். யாரும் கூற்று என்று பெயர் வைக்காத தகவல். அதையும் கணக்கில் சேர்க்காமல் 'போதாது' என்று சொல்லக் கூடாது.

தேர்வறையில் செய்ய வேண்டியது

1. கூற்றுகளைப் படிக்கும் முன் கேள்வியை முழுசாகப் படிங்க. மூன்று பூட்டில் எது திறந்திருக்கிறது, எது தேவை என்று பாருங்க.
2. கூற்று 1-ஐ மட்டும் வைத்து முடிவெடுங்க. போதும் என்றால் ஏ அல்லது டி. போதாது என்றால் பி, சி, இ.
3. கூற்று 2-க்கு வரும்போது கூற்று 1-ஐக் கையால் மறைத்துக்கொள்ளுங்க. திரையில் என்றால் மனசால் மறைக்க வேண்டியதுதான். பல தவறுகள் இங்கேதான் நடக்கின்றன: முதல் கூற்றில் படித்த எண் நம்மை அறியாமல் இரண்டாவதுக்குள் புகுந்துவிடும்.
4. இரண்டும் தனித்தனியாகப் போதாது என்றால் மட்டும் சேர்த்துப் பாருங்க.
5. சி குறிக்கும் முன் ஒரு தடவை கேளுங்க: "இதுல ஒண்ணே போதாதா?"

நீங்களே போட்டுப் பாருங்க

அ) சமஇடைவெளியில் உள்ள 8 எண்களின் சராசரி என்ன?
கூற்று 1: மூன்றாவதும் ஆறாவதும் சேர்ந்து 50.
கூற்று 2: நான்காவது எண் 23.

ஆ) 7-இன் அடுத்தடுத்த மடங்குகள் எத்தனை உள்ளன?
கூற்று 1: பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் 84.
கூற்று 2: மிகச் சிறியது 28, எல்லாவற்றின் மொத்தம் 910.

இ) சில அடுத்தடுத்த ஒற்றைப்படை எண்களின் சராசரி ஒற்றைப்படை எண்ணா?
கூற்று 1: எண்ணிக்கை 10-ஐ விட அதிகம்.
கூற்று 2: எண்ணிக்கை ஒற்றைப்படை.

ஈ) ஒரு சமஇடைவெளி வரிசையின் சராசரி 20. அதில் எத்தனை எண்கள்?
கூற்று 1: பெரியதற்கும் சிறியதற்கும் வித்தியாசம் 24.
கூற்று 2: எல்லாம் முழு எண்கள்.

உ) அடுத்தடுத்த சில மிகை முழு எண்களின் மொத்தம் 21. குறைந்தது இரண்டு எண்கள் உண்டு. எத்தனை எண்கள்?
கூற்று 1: எண்ணிக்கை இரட்டைப்படை.
கூற்று 2: மிகச் சிறிய எண் ஓரிலக்க எண்.

விடைகள் (போட்டுப் பார்த்த பிறகு மட்டும்!)

அ) ஏ. எட்டு எண்களில் மூன்றாவதும் ஆறாவதும் நடுவிலிருந்து சம தூரம்; சராசரி 25. நான்காவது எண் மட்டும் தெரிந்தால் நடுவுக்கு எவ்வளவு தூரம் என்று தெரியாது.

ஆ) டி. கூற்று 1: 84 ÷ 7 = 12 இடைவெளிகள், எனவே 13 எண்கள். 12 என்று நிறுத்திவிடாதீங்க. பன்னிரண்டு இடைவெளிக்குப் பதிமூன்று கம்பம் வேண்டும். கூற்று 2: 28-இல் தொடங்கி மேலே கூட்டிக்கொண்டே போனால் மொத்தம் ஏறிக்கொண்டேதான் இருக்கும், 910-ஐ ஒரே ஒரு முறைதான் தொட முடியும். அதுவும் பதிமூன்றாவது எண்ணில். இருபடிச் சமன்பாடு தீர்க்காமலே 'ஒரு முறைதான்' என்று தெரிந்துவிடுகிறது.

இ) பி. எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் சராசரி வரிசையின் நடு எண், அதாவது ஓர் ஒற்றைப்படை எண். கூற்று 1-இல் 11 எண்கள் என்றால் சராசரி ஒற்றைப்படை. 12 என்றால் இரண்டு ஒற்றைப்படை எண்களுக்கு நடுவில் உள்ள இரட்டைப்படை.

ஈ) இ. 8, 20, 32 என்று மூன்று எண்களாகவும் இருக்கலாம். 8, 14, 20, 26, 32 என்று ஐந்தாகவும் இருக்கலாம்.

உ) சி. 21-ஐ எழுதும் வழிகள் 10 + 11. 6 + 7 + 8. 1 முதல் 6 வரை. கூற்று 1 என்றால் இரண்டு வழி மிஞ்சும், கூற்று 2 என்றாலும் இரண்டு வழி மிஞ்சும். சேர்த்தால் 1 முதல் 6 வரை மட்டும்.

ஐந்திலும் விடை மட்டும் சரியாக வந்தால் போதாது. காரணமும் சரியாக வந்திருக்க வேண்டும். ஒரு கணக்கு போட்டு முடித்ததும் அதில் ஒரு வார்த்தையை மாற்றிப் பாருங்க. 'மிகை' என்பதை எடுத்தால் என்ன ஆகும், எண்ணிக்கையை 8-இலிருந்து 9 ஆக்கினால் என்ன ஆகும் என்று நண்பரோடு உட்கார்ந்து வாதாடுங்க. பத்துக் கணக்கை இப்படி உரசிப் பார்ப்பது, நூறு கணக்கை அவசரமாகப் போட்டுத் தள்ளுவதை விட நல்லது. வரும் தேர்வுகளுக்கு வாழ்த்துகள்!